மாப்பிள்ளைக்காக மூடி வைத்த தறி

எங்கள் வீட்டில் ஒரு தறி ஒரு வருஷமாகப் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதுவும் என் பெட்ஷீட். மயில் படம் போட்டது. காலேஜ் டூர் போனபோது எனக்கென்று ஆசையாக வாங்கி வந்தேன். அதைப் படுக்கையிலிருந்து உருவித் தறிக்குப் போர்த்தி, வெள்ளிக்கிழமை தவறாமல் ஊதுபத்தி வேறு காட்டினார்கள். எதற்கு? வரப்போகும் மாப்பிள்ளைக்காக. அந்த மாப்பிள்ளை யார், எந்த ஊர், நெட்டையா குட்டையா, ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் வந்து உட்காரத் தறி தயாராக இருந்தது. அதே அறையில், அந்தத் தறிக்கு இரண்டடி தள்ளி, முழுசாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் மட்டும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

இந்தப் பொங்கலுக்குக் காலேஜ் சிநேகிதி ஒருத்தி வாட்ஸப்பில், "போன வருஷம் எப்டிடி போச்சு?" என்று கேட்டிருந்தாள். எல்லாருக்கும் ஒரே மெசேஜைத் தட்டிவிட்டிருப்பாள், கூடவே பொங்கல் பானைப் படம். நான் டைப் அடிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. கடைசியில் அவளுக்கு ஒரு கட்டை விரலை அனுப்பிவிட்டு, மீதியை இங்கே சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

என் பெயர் துர்காதேவி. வயது இருபத்து மூன்று. காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். அப்பா மாணிக்கவேல், பட்டு நெசவாளி. அம்மா வடிவாம்பாள். அண்ணன் சிவபாலன். வீட்டில் இரண்டு தறி. ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று அண்ணனுடையது. அப்படியானால் அம்மாவும் நானும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். அதை ஒருத்தரும் கேட்டதில்லை.

எங்கள் ஊர்ச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அரக்கு உடல், பச்சைக் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருக்க வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். ஒற்றை ஆளால் ஆகாது. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர் இடது கரையையும் உடலையும் பார்த்துக்கொள்வார். வலது கரைக்கு இன்னோர் ஆள் வேண்டும். ஒவ்வோர் இழைக்கும் அந்த ஆள் உடல் நூலைக் கரை நூலோடு கோத்து வாங்கி, குறுக்கு நூல் சுற்றிய நாடாவைத் திருப்பி எறிய வேண்டும். அவர் கோத்து வாங்கிய பிறகுதான் குழியில் இருப்பவர் இழை நெருங்கப் பலகையை இழுத்து அடிக்கலாம். குழியில் இருப்பவர் நெசவாளி. வலப்பக்கம் இருப்பவருக்குப் பெயர் இல்லை. எங்கள் வீட்டில் "கூட உக்கார்ற ஆளு" என்பார்கள், அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கூட உட்கார நான். அண்ணனுக்கு அம்மா. பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் தறி, பிறகு ஏனாத்தூர்ப் பக்கம் பி.காம். படிக்கப் போய் வந்தாலும் தறி. "லூசா விடு துர்கா, இழுக்காத." இதை அப்பா ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்று எங்கள் ஊர்க் கச்சபேசர் சாமிக்குத்தான் தெரியும். கரை சரியாக வந்தால் அவர் கை. பிசகினால் என் இழுப்பு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு நெசவு பிடிக்கும். இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. "பாவம், படிச்ச பொண்ணு, தறியில கெடந்து லோல்படுது" என்று உச்சுக்கொட்டுகிற வாயையெல்லாம் ஊசி நூல் வைத்துத் தைக்கலாம் போலிருக்கும். நான் லோல்படவில்லை. எனக்குக் குழியில் உட்கார வேண்டும். சேலை முந்தி எப்படி வர வேண்டும், எந்த இடத்தில் நிறம் மாற வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும், பலகையை நான் அடிக்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. ஏதோ நிலாவைக் கேட்டாற்போல ஆடித் தீர்த்துவிட்டார்கள்.

குழியில் உட்கார நான் கற்றுக்கொண்டது சிவபெருமான் புண்ணியத்தில். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அப்பா குளித்து, திருநீறு பூசி, கச்சபேசர் கோயிலுக்குத் தேவாரம் பாடப் போய்விடுவார். அவர் தெருமுனை திரும்பியதும் நான் அப்பா தறியில் இறங்கிவிடுவேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வலப்பக்கம் உட்காருவாள். நந்திக்கு அபிஷேகம் முடிந்து, சாமி புறப்பாடு முடிந்து, சுண்டல் பொட்டலத்தோடு அவர் திரும்புவதற்குள் ஒரு விரற்கடையாவது நெய்துவிடுவோம். ஒரு விரற்கடை கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எங்களுக்கு நினைப்பு. அப்பா வந்து சுண்டலைக் கொடுப்பார், தறியில் கொஞ்சம் குனிவார், நிமிர்வார், கை கால் கழுவப் போவார். அவர் முதுகுக்குப் பின்னால் நானும் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அண்ணன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். கார் பாகம் செய்கிற இடம். மூங்கில் மண்டபம் ஸ்டாப்புக்குக் கம்பெனி பஸ் வரும், ஏறிப் போய்விடுவான். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அவனுக்குப் பிடித்தது அவன் போனான். அவன் தறியில் ஒரு சேலைதான் நெய்து அறுத்திருந்தான், இன்னும் இரண்டு சேலைக்குப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், தறியிலேயே கிடந்தது. முதலாளி கொடுத்ததில்லை, சொந்தப் பாவு, அப்பா ஆசையாகப் பூட்டியது. குழி காலி. கூட உட்கார அம்மா இருக்கிறாள். எனக்கு என்ன தோன்றியிருக்கும், சொல்லுங்கள். அன்றைக்கு என் உள்ளங்கை அரித்தது.

"பா, அண்ணன் தறியில நான் குந்திக்கிறேன்" என்றேன். "அம்மா கூட இருக்குது. உனக்குக் கூட உக்கார வேற ஆளு வெச்சுக்கலாம். பாவு சும்மா கெடக்குது பாரு."

அப்பா காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அது மாப்பிள்ளைக்கு."

"எந்த மாப்பிள்ளைக்கு?"

"வர்ற மாப்பிள்ளைக்கு. உனக்கு வர்றவன் நெய்யறவனா வரணும். இங்கயே குந்தி நெய்வான். நீ அவனுக்குக் கூட உக்காரு. யார் வேணாம்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் என் மயில் பெட்ஷீட் தறி மேல் கிடந்தது.

அப்புறம் மாப்பிள்ளை வேட்டை. ஊரில் எல்லா அப்பாவும் பையனுக்குக் கம்பெனி வேலை இருக்கிறதா என்று கேட்பார்கள். எங்கப்பா கம்பெனி வேலை இருந்தால் வேண்டாம் என்பார். ஓரிக்கையிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது, நல்ல குடும்பம், பையன் பேங்கில் வேலை. "தறியில உக்காருவானா?" என்றார் அப்பா. தரகர் அப்பாதுரை தலையில் அடித்துக்கொண்டார். "மாணிக்கவேல் அண்ணே, நீ பொண்ணுக்கு மாப்ள பாக்கறியா, தறிக்கு மாப்ள பாக்கறியா?" தெருவே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்த ஆள் கேட்டது சரியான கேள்வி. மாதக்கணக்கில் தறி தூசி தின்றுகொண்டு கிடந்தது. நான் பெருக்கும்போதெல்லாம் அந்தப் பெட்ஷீட்டின் நுனியைத் தூக்கி உள்ளே பார்ப்பேன். அரக்கும் பச்சையும் அப்படியே இருக்கும். அந்த நுனியைக் கீழே விடும்போது யாரையாவது அறைய வேண்டும் போலிருக்கும்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தவம் பலித்தது. மாப்பிள்ளை பெயர் ஜெயக்குமார். அவன் அப்பா திருஞானசம்பந்தம் நாலு தெரு தள்ளி, நல்ல பெயரெடுத்த நெசவாளி. பையனும் தறியில்தான் இருக்கிறான் என்றார்கள். எங்கப்பா முகத்தில் அன்றைக்கு இருந்த பிரகாசம் எங்கள் வீட்டு டியூப் லைட்டுக்குக் கிடையாது. அம்மா கேசரி கிளறினாள், பஜ்ஜி போட்டாள். எனக்குப் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பெண்ணுக்குப் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள் இல்லையா? அதெல்லாம் இல்லை. எங்கப்பா ஒரு புது வழக்கத்தைத் தொடங்கி வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி" என்றார். அதற்குள் சம்பந்தி! "ரெண்டு பேரையும் தறியில உக்கார வெச்சுடலாம். கை சேருதான்னு பாத்துட்டா அப்பால பேச்சே இல்ல. ஜாதகம் கெடக்குது, கோர்வை சேரணும்."

"அதான சரி" என்றார் திருஞானசம்பந்தம். இரண்டு பேருக்கும் என்ன சந்தோஷம்! பெட்ஷீட்டை அப்பாவே மடித்து எடுத்தார். ஜெயக்குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழியில் இறங்கினான். நான் பட்டுச் சேலையும் பூவுமாக வலப்பக்கம் உட்கார்ந்தேன். ஏழெட்டு மாசமாக நான் ஏங்கிக் கிடந்த குழியில் முன்பின் தெரியாத ஒருத்தன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவனுக்கு வரவில்லை. சுத்தமாக வரவில்லை. நான் நூலைக் கோத்து வாங்குவதற்குள் பலகையை இழுத்து அடித்துவிடுகிறான். கோர்வையில் ஓட்டை. அடுத்த இழை, இன்னொரு ஓட்டை. ஒரு விரற்கடை ஓடுவதற்குள் பால் பல் விழுந்த குழந்தை வாய் மாதிரி ஆகிவிட்டது. அவன் குனிந்தபடியே என்னிடம் முணுமுணுத்தான்.

"சாரிங்க. எனக்கு இது வராதுங்க. நானே கம்பெனிக்கு அப்ளை பண்ணிட்டேன். எங்கப்பாவுக்குத் தெரியாது."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! யாருக்காக என் பெட்ஷீட்டை உருவினார்களோ அவனும் ஒரகடத்துப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இருந்தாலும் அவனாவது உண்மையைச் சொன்னான். அவன் அப்பா எட்டிப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா?

"பொண்ணு டைட்டா புடிக்குது. அதான் பையனுக்குக் கை வரல."

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் பிள்ளையை அவர் விட்டுக் கொடுக்க மாட்டார். ஆனால் எங்கப்பா? என் இழுப்பு எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் குனிந்து அந்த ஓட்டைகளைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"லூசா விடு துர்கா" என்றார். "மாப்பிள்ளைக்கு ஏத்த மாதிரி வுடு."

நாடாவைக் கீழே வைத்தேன்.

"எழுந்திருங்க" என்றேன் ஜெயக்குமாரிடம். அவன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பஸ்ஸில் ஸ்டாப்பிங் வந்தவன் போல எழுந்துவிட்டான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் குழியில் இறங்கினேன். "அம்மா, வா" என்றேன்.

அம்மா கையில் கேசரித் தட்டு. அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தட்டைத் திருஞானசம்பந்தம் கையில் கொடுத்துவிட்டு வந்து வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

காபி ஆறிப்போனது. மிதிப்பதும் எறிவதும் அடிப்பதும் மட்டும் கேட்டது. ஒரு விரற்கடை நெய்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். திருஞானசம்பந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோர்வை மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நல்ல நெசவாளி, பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"கோடு கிழிச்ச மாதிரி இருக்குது" என்றார். பிறகு எங்கப்பாவிடம் திரும்பி, "பொண்ணை எங்க வூட்டுக்கு அனுப்பிடுங்க. பையன் கூட உக்காந்தா போதும், பையன் தேறிடுவான்" என்றார்.

"உங்க பையன் தேர்றதுக்கு நான் இன்னா டியூஷன் டீச்சரா?" என்றேன்.

அவ்வளவுதான். கேசரி அப்படியே இருக்க, அவர்கள் போய்விட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஜெயக்குமார் மட்டும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். போன மாசம் அண்ணன் சொன்னான், அவனும் இப்போது அதே பஸ்ஸில்தான் போகிறானாம்.

அவர்கள் போனதும் அப்பா ஒன்றும் திட்டவில்லை. தறிக்கு முன்னால் குந்தி, கத்தரியை எடுத்தார். ஜெயக்குமார் நெய்த ஓட்டையைப் பிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சேலை பாழ். ஆனால் அவன் நெய்தது அடியில் இருந்தது. அதற்கு மேல் நான் நெய்தது. முதலில் என்னுடையதைப் பிரிக்காமல் அவனுடையதைத் தொட முடியாது. அப்பா என் இழைகளை ஒவ்வொன்றாக வெட்டி உருவினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் கையை நிறுத்திவிட்டு, கோர்வையைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் வந்துக்கினு இருக்குது" என்றார். மறுபடி வெட்டினார்.

"எப்படி வந்துச்சுன்னு கேக்கலயா?" என்றேன்.

"இன்னாத்த கேக்கறது? பிரதோஷத்துக்குப் பிரதோஷம் நீ என் தறியில குந்தறது எனக்குத் தெரியாதா? என் கோர்வை எது, உன் கோர்வை எதுன்னு தெரியாதா? நீ காலேஜ் போற காலத்துலருந்தே தெரியும்."

அந்தச் சுண்டல். அந்தக் குனிந்து பார்த்தது. நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தது.

"தெரிஞ்சுமாபா?" என்றேன். "நான் நெய்வேன்னு தெரிஞ்சும் அதுக்கு பெட்ஷீட் போத்தி வெச்சியா?"

"தெரிஞ்சா இன்னா? நீ வேற வூட்டுக்குப் போறவ. தறிக்கு நெலையா ஒரு ஆளு வேணும்ல?"

சும்மா ஏதோ விலைவாசி பேசுவது போலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவளுக்கு வராது என்று நினைத்திருந்தால் நான் நெய்து காட்டியிருப்பேன். பெண் குழியில் இறங்கினால் ஆகாது என்று ஏதாவது சாஸ்திரம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எல்லாம் தெரிந்து, நன்றாக வருகிறது என்றும் தெரிந்து, வராத ஒருத்தனுக்காக மூடி வைத்தார் பாருங்கள், அதை நான் என்ன செய்ய? அழுதேன். அழுதது துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அப்பா என் கண்ணெதிரிலேயே பெட்ஷீட்டை உதறி மறுபடி தறிக்குப் போர்த்தினார்.

"நாளையிலருந்து உனக்கும் நான் கூட உக்கார மாட்டேன்" என்றேன்.

"சரி சரி, போய் சாப்புடு" என்றார். நாளைக்கு வந்துவிடுவாள் என்று நினைப்பு.

நான் உட்காரவில்லை. மறுநாள் அம்மா போய் அப்பாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள், அவளுடைய இடுப்பு வலியோடு. அந்தக் கோபம் தனி. "நீ ஏம்மா போற?" என்று கத்தினேன். "தறி நின்னா சோறு?" என்றாள்.

அண்ணன் போன் பண்ணினான். கம்பெனி சோறு ஏழெட்டு மாசம் சாப்பிட்டாலே பெரிய மனுஷத்தனம் வந்துவிடும் போலிருக்கிறது. "எங்க கம்பெனில லேடீஸ் எடுக்கறாங்க. ஏசி. நான் சொல்லி வைக்கறேன்."

"எனக்குத் தறி வேணும்ணா."

"லூசாடி நீ?"

போனை வைத்துவிட்டேன். அத்தை வந்தாள், சித்தி வந்தாள், ஆளுக்கொரு புத்திமதி. எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை, விட்டுக் கொடு. எதை விட்டுக் கொடுக்க? என் கையில் என்ன இருக்கிறது? ஒரு பெட்ஷீட் இருந்தது, அதையும் பிடுங்கியாகிவிட்டது.

அடுத்த தெரு அகிலா அக்கா மட்டும் புத்தி சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரர் இளங்கோவன் வேன் ஓட்டப் போய்விட்டார், வீட்டில் ஒரு தறி சும்மா இருந்தது. அக்காவுக்குக் குழியில் உட்கார இஷ்டமில்லை. "எனக்குக் கூட உக்கார்றதுதான் வசதி. அப்பப்ப எழுந்து போய் கொழம்பைக் கிளறிட்டு வருவேன். நீ குழியில எறங்குறியா?" என்றாள். இவ்வளவு சுளுவாகக் கேட்டுவிட்டாள். அந்த ஒரு கேள்விக்காக நான் எத்தனை மாசம் என் வீட்டில் நாயாய்க் காத்துக் கிடந்தேன்!

புரட்டாசியில் அங்கே பாவு பூட்டினோம். முதல் சேலையில் முந்தி பிடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டு தடவை பிரித்தேன். எங்கப்பாவைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. செத்தாலும் கேட்டிருக்க மாட்டேன். கார்த்திகையில் அறுத்தோம். அக்கா சேலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, "யாரு நெய்ஞ்சதுன்னு கேட்டா துர்கா நெய்ஞ்சதுன்னு சொல்லுவேன்" என்றாள். நான் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நானும் அப்பாவும் பேசுவதில்லை. ஒரே கூடத்தில் சாப்பிடுவோம். "உப்பு வேணுமான்னு கேளு" என்பார் அம்மாவிடம். "வேணாம்னு சொல்லு" என்பேன். நடுவில் அம்மா இரண்டு பேரையும் பார்ப்பாள். "என்னை விட்டா இந்த வூட்ல யாருக்கும் வாயே கெடையாதா?" என்பாள். அம்மா இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

போகிக்கு முந்தின நாள். நான் அகிலா அக்கா வீட்டுத் தறியில் இருக்கிறேன். வாசலில் நிழல் விழுந்தது. அப்பா. சட்டைகூடப் போடாமல், தோளில் துண்டோடு, வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். நான் பலகையை விடவில்லை. அவராகவே வாயைத் திறந்தார்.

"துர்கா. வூட்டுக்கு வா."

"எதுக்கு?"

"உங்கம்மா... வந்து இன்னான்னு கேளு."

"அம்மாவுக்கு இன்னாபா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. போகிக்குத் துணியெல்லாம் துவைக்கறேன்னு அந்த பெட்ஷீட்டை எடுத்துட்டா. எடுத்துட்டுத் திரும்பப் போத்தல. குழியில குந்திட்டா."

அகிலா அக்கா நாடாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்தக் குழியில?"

"அதான், மூடி வெச்சிருந்த தறியில. எழுந்திருடின்னா எழுந்திருக்க மாட்டேன்றா. காலைலருந்து என் தறியும் நிக்குது, கூட உக்கார ஆளில்ல. நீங்க வந்து வலப்பக்கம் உக்காந்தா இந்தத் தறி ஓடும், வரலன்னா ரெண்டும் நிக்கும், உங்க இஷ்டம்ன்றா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ வா. நீயே வந்து அதுல குந்து. உனக்கே குடுத்துடறேன். அவ எழுந்துடுவா."

பாருங்கள். ஒரு வருஷம் நான் கேட்ட குழி. எனக்குக் கொடுக்க மனசு வராத குழி. இப்போது அம்மாவை அதிலிருந்து எழுப்புவதற்காக எனக்குத் தருகிறாராம்! எனக்கு வந்த கோபத்தில் சிரித்துவிட்டேன். அகிலா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்பா" என்றேன். "எனக்கு இங்க தறி இருக்குது. அது அம்மாது."

"அப்ப நான் இன்னா பண்றது?"

"இன்னா பண்ணுவியோ பண்ணு. வலப்பக்கம் காலியாத்தான இருக்குது."

அவர் கண் என் தறிக்குப் போனது. வழக்கம் போலக் குனிந்து கோர்வையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் சொல்லாமல் போய்விட்டார்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. தெரிந்தும் மூடி வைத்தவர் அவர். அந்த மயில் பெட்ஷீட்டை இப்போது நான்தான் போர்த்திக்கொள்கிறேன். எத்தனை தடவை துவைத்தாலும் அதில் ஊதுபத்தி வாசனை போவதாக இல்லை, ஒவ்வொரு நாளும் எனக்கு எரிகிறது. இந்தத் தையில் எனக்கு மறுபடி மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். வருகிறவனிடம் நான் கேட்கப்போவது ஒன்றுதான். நான் குழியில் இருப்பேன், நீ எங்கே வேண்டுமானாலும் வேலைக்குப் போ, என் தறியை மூடாமல் இருப்பாயா? முடியாதென்றால் காபியைக் குடித்துவிட்டு அவன் கிளம்பலாம்.

அப்பா வந்து கூப்பிட்ட அன்றைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனேன். தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் கேட்டது. அப்பா அடிப்பது போல் இல்லை. மெதுவாக, விட்டு விட்டுக் கேட்டது. சத்தம் காட்டாமல் உள்ளே போய் நின்றேன்.

அம்மா குழியில் இருந்தாள். கொண்டையை இறுக்கிப் போட்டு, முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். வலப்பக்கம் அப்பா, உட்காரும் பலகையில் பாதி உடம்பு வெளியே தொங்க, நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். கொடியில் மயில் பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது.

"எப்பம்மா கத்துக்கின?" என்றேன்.

"இத்தினி வருஷம் உங்கப்பா பக்கத்துலயும் உங்கண்ணன் பக்கத்துலயும் கண்ணை மூடிக்கினா குந்தினு இருந்தேன்?" அம்மா திரும்பாமலே சொன்னாள். "பிரதோஷத்துக்காவது எறங்கலாம்னு பாத்தா, நீ எழுந்திருக்கவே மாட்டேன்ற."

அம்மா குனிந்து கோர்வையைப் பார்த்தாள். விரலால் தடவினாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னாங்க, லூசா விடுங்க" என்றாள். "இழுக்காதீங்க."

அப்பா லூசாக விட்டார்.